பாதியில் விட்ட பேச்சு

பறக்கும் வீரனைப் பற்றிய நாவலில் மேற்கோள் குறிகள் இரண்டுக்கும் வேலையே இல்லை. யார் பேசினாலும் முன்னால் ஒரு சின்னக் கோடு மட்டும் போய் நின்றது.

“தொடங்கி வைக்கிறாய், சரி. பேச்சை யார் முடித்து வைப்பது?” என்று கோட்டைக் கேட்டது மூடும் குறி.

“வீரன் எங்கே பேச்சை முடிக்கிறான்? அதற்குள் யாராவது காப்பாற்றச் சொல்லிக் கத்துவார்கள். பறந்துவிடுவான்,” என்றது கோடு.

அப்படியும் ஒருவன் இருப்பானா என்று குறிகள் கடைசிப் பக்கம் வரை போய்ப் பார்த்தன. அங்கே வீரன் முகமூடியைக் கழற்றிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்திருந்தான். கல்யாணத்தன்று பாதியில் விட்ட பேச்சை இப்போதாவது சொல்லுங்கள் என்றாள் மனைவி.

அவன் வாயைத் திறந்தான்.

“இதற்கு நீங்கள் வாருங்கள்,” என்று கோடு ஒதுங்கிக்கொண்டது.

திறக்கும் குறி ஓடிப்போய் முன்னால் நின்றது. மூடும் குறி வரியின் கடைசியில் நின்றுகொண்டு, வெளியே யாரும் கத்திவிடக் கூடாதே என்று காத்திருந்தது.