சுண்ணாம்புக் கோட்டுக்குள்ளே

கைக்குட்டையால் கண்ணை இறுக்கக் கட்டிக்கொண்டு நடந்தான் அவன். முழங்கையைப் பிடித்து வழிகாட்டிக்கொண்டிருந்தாள், வீட்டுக்குப் பிளான் போட்ட இன்ஜினீயரம்மா.

"ஆறு... ஏழு... இப்ப எங்க வந்திருக்கீங்க, சொல்லுங்க சார்?"

"இருங்க, நானே கண்டுபிடிக்கறேன். எலுமிச்சை வாசனை! சமையல்கட்டு, சரியா?"

இருவரும் சிரித்தார்கள்.

வேலிக்கு வெளியே நின்ற அவன் மனைவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஐம்பது வயதில் கண்ணாமூச்சி கேட்கிறதோ? வயலுக்கு நடுவே இருந்த அந்த மனையில் சுண்ணாம்புத் தூளால் கோடு கிழித்து, அங்கங்கே செடித் தொட்டி வைத்திருந்தது, அவ்வளவுதான். சுவரே எழும்பவில்லை, அதற்குள் புதுக் குடித்தனமா!

அவள் சந்தேகம் இன்று நேற்று முளைத்ததல்ல. ஒரு மாதமாகவே ஆள் சரியில்லை. மாடி வைத்துக் கட்டுவதாக இருந்த வீட்டை, அவளை ஒரு வார்த்தை கேட்காமல் தரையோடு தரையாக மாற்றினான். படி கிடையாது, நிலைப்படி கூடக் கிடையாது. சட்டையில் ஒரு நாள் மல்லிகை மணக்கும், மறுநாள் எலுமிச்சை.

கேட்டால், "ஜன்னலுக்கு ஒரு செடி வைக்கப் போறோம். வயலும் வீடும் ஒண்ணாக் கலந்து இருக்கணும்" என்பான். யார் காதில் பூச்சுற்றப் பார்க்கிறான்?

இன்று கையும் களவுமாகப் பிடித்தாயிற்று. விறுவிறுவென்று உள்ளே நுழைந்தவளின் தோள், இடப்பக்கம் இருந்த வேலிக் கம்பத்தில் மோதியது. இந்த வாரத்தில் மூன்றாவது இடி. புதுக் கண்ணாடியைச் சபித்தாள். டாக்டர் அறைக்குள் போய்ப் பேசிவிட்டு வந்து, "கண்ணாடி மாத்தினா போதுமாம்" என்று சொன்ன புருஷனையும் சேர்த்துச் சபித்தாள்.

"நல்லா இருக்குங்க உங்க விளையாட்டு!"

அவன் கட்டை அவிழ்த்தான். முகம் வெளுத்துவிட்டது.

"ஐயோ, விளையாட்டு இல்லக்கா" என்று பதறினாள் இன்ஜினீயரம்மா. "கண்ணு தெரியாம இந்த வீட்டுல தனியா நடமாட முடியுமான்னு பாக்கறோம். கிணத்துக்குப் போற வழியில கூழாங்கல், கொல்லைக்குச் செங்கல். காலே வழி சொல்லிடும். எந்த ரூம்னு வாசனை சொல்லிடும்..."

"மேடம், போதும்" என்று தடுத்தான் அவன்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. கோபமெல்லாம் வடிந்துவிட்டது. இத்தனை பெரிய பாரத்தை ஒண்டியாகச் சுமந்தவனையா சந்தேகப்பட்டோம்!

அவன் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"டாக்டர் சொன்னதை என்கிட்ட மறைக்கலாமாங்க? கண்ணு போனா என்ன, நான் இல்லையா? நான் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறேன். பயப்படாதீங்க."

அவள் இடது தோளில் ஒட்டியிருந்த கம்பத்துத் துருவை மெல்லத் தட்டிவிட்டான்.

"எனக்குக் கண்ணு நல்லாத்தாம்மா இருக்கு."