வார்டு குரூப்பில் ராமர்

கொச்சி மட்டாஞ்சேரியில் கவுன்சிலர் அலுவலகத்தில் மஞ்சுஷாவுக்கு வேலை, மேலிருந்து வரும் செய்திகளை வார்டு வாட்ஸ்அப் குரூப்பில் போடுவது. திங்கட்கிழமை, குழாயில் கறுப்பாகத் தண்ணீர் வருவதைப் படம்பிடித்துப் போட்ட துப்புரவுத் தொழிலாளி ராமரை, கவுன்சிலர் சொன்னபடி குரூப்பிலிருந்து நீக்கினாள். அவர் அவளுடைய தெருக்காரர்தான். மறுநாள் காலை வந்த செய்தியைப் படிக்காமலே போட்டுவிட்டாள். ராமர் காலமானார் என்றிருந்தது. மதியத்துக்குள் இருநூறு பேர் கைகூப்பும் படம் போட்டிருந்தார்கள்.

மூன்று மணிக்கு ராமரே அலுவலகத்துக்கு வந்து நின்றார். சட்டை வேர்வையில் நனைந்திருந்தது.

"மோளே, நான் சாகலையே. அதை அழிச்சிடு. சாயாக்கடை சேட்டன் என்னை ஏறிட்டுக்கூடப் பார்க்கலை."

அவள் கவுன்சிலரைப் போனில் அழைத்தாள். "சார், ராமரண்ணன் இங்கதான் நிக்கறாரு."

"குரூப்ல போட்டாச்சுல்லே?" என்றார் அவர். "அப்ப அங்க யாரும் நிக்கலை, மஞ்சுஷா."

மனசு கேளாமல் ராமரோடு அவர் வீட்டுக்குப் போனாள். வாசலில் பந்தல் போட்டிருந்தது. துக்கத்துக்கு வந்தவர்கள் நாற்காலிகளில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ராமரின் மனைவி பாப்பா அழுது வீங்கிய கண்களோடு வெளியே வந்தாள். கணவரைக் கடந்து வந்து மஞ்சுஷாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தனியாவா வந்தே மோளே?"

ராமர் மஞ்சுஷாவின் முகத்தையே பார்த்தார். பந்தலில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போனிலிருந்து தலை நிமிர்ந்தார்கள்.

"ஆமாக்கா" என்றாள் மஞ்சுஷா. "தனியாத்தான் வந்தேன்."