யுஸ்ராவின் முதல் நோன்பு

கோட்டைமேட்டுச் சந்தில் மாலை வெயில் சுவரைவிட்டு இறங்கிக்கொண்டிருக்கிறது. கூடத்துப் பாயில் பேரீச்சம்பழத் தட்டு, ஆவி பறக்கும் நோன்புக் கஞ்சி, பக்கத்தில் உமர் பாரூக்கின் செல்போன். மாற்றுச் சிறுகுடல் கிடைத்தால் ஆஸ்பத்திரியிலிருந்து அதில்தான் கூப்பிடுவார்கள். போன வருஷ நோன்புக்குப் பிறகு குடல் அழுகி, வெட்டி எடுத்ததிலிருந்து அவன் வாயால் எதையும் சாப்பிட்டதில்லை. மனைவி ஆமினா கையைக் கழுவிவந்து, ரத்தத்தில் நேராக ஏறும் பால்நிறச் சத்துநீர்ப் பையை ஸ்டாண்டில் மாட்டி, அவன் நெஞ்சிலிருக்கும் குழாயோடு பொருத்துகிறாள். விடியும்வரை அதுதான் அவனுக்குச் சாப்பாடு. பசி எப்படி இருக்கும் என்பதே அவனுக்கு மறந்துவிட்டது. முதல் நோன்பு பிடித்திருக்கும் மகள் யுஸ்ரா அவன் மடியில் சுருண்டு கிடக்கிறாள். “அத்தா, வயிறு கிள்ளுதுங்க.” அவன் முகம் மலர்கிறது. “எங்க கிள்ளுது கண்ணு?” அவன் கையை இழுத்துத் தன் வயிற்றில் வைத்துக்கொள்கிறாள். “எப்படி இருக்குது? மெதுவாச் சொல்லு.” “உள்ள யாரோ குண்டாவ உருட்டற மாதிரிங்க.” “ஏனுங்க, பசியோட கெடக்கற புள்ளகிட்டக் கேக்கற கேள்வியா இது?” என்கிறாள் ஆமினா. அவன் காதில் விழவில்லை. உள்ளங்கைக்கு அடியில் கடமுடவென்று உருள்கிறது, கண்ணை மூடிக்கொள்கிறான். பள்ளிவாசலில் பாங்கு எழுகிறது. யுஸ்ரா எழுந்து உட்கார்ந்து பழத்தைக் கடிக்கிறாள், தண்ணீர் குடிக்கிறாள், கஞ்சியை ஊதி ஊதி விழுங்குகிறாள். “பசி போயிருச்சுங்க அத்தா!” என்று சிரிக்கிறாள். அவன் கை இன்னும் அவள் வயிற்றிலேயே இருக்கிறது, இன்னொரு முறை உருளாதா என்று.