சுருதி சேராத ஃபாதர்

"ஃபாதர், கோவிச்சுக்காதீங்க. நீங்க பூசையை மட்டும் பாருங்க. பாட்டை எங்ககிட்ட விட்டுடுங்க."

கொடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்த பங்குத் தந்தை திரும்பிப் பார்த்தார். எதிரே பாட்டு டீச்சர். பள்ளிக்கூடத்தில் இசை சொல்லித் தருபவர். கோயில் பாடகர் குழுவும் அவர் பொறுப்புதான்.

"ஏன் டீச்சர், அவ்வளவு மோசமாவா பாடறேன்?"

"உண்மையைச் சொல்லட்டுமா?"

"சாமியார்கிட்ட வேற எதைச் சொல்லப் போறீங்க?"

"கேட்க முடியல ஃபாதர். பாட்டு நல்லாப் போயிட்டிருக்கும். நடுவுல நீங்க மைக்குப் பக்கத்துல வந்து ஓங்கிப் பாடுவீங்க. சுருதி எங்கேயோ போயிடும். பாவம், நம்ம ஆர்கன் மாஸ்டர்! எத்தனை வருஷத்துக் கை அது! உங்க மானத்தைக் காப்பாத்தறதுக்காக, நீங்க எங்கே இழுத்தாலும் அவரும் கூடவே வந்து வாசிக்கிறார்."

"ஆமாமா, பெரிய மனசுக்காரர்" என்றார் ஃபாதர், சட்டையை மடித்தபடி.

"வர்ற ஞாயித்துக்கிழமை நம்ம மறைமாவட்ட ஆயர் ஆண்டவர் வர்றார். அன்னிக்கு ஒரு நாளாவது..."

"மன்னிச்சுக்கோங்க டீச்சர். அது மட்டும் முடியாது. அன்னிக்கு நான் பாடியே ஆகணும்."

டீச்சருக்குச் சுருக்கென்றது. பிரசங்கத்தில் தாழ்மையைப் பற்றி எவ்வளவு அழகாகப் பேசுகிற மனுஷன்! 'பாத்திரம் கழுவும்போது முணுமுணுக்காம கழுவுங்க, அதுவும் ஜெபம்தான்' என்று போன வாரம்கூடச் சொன்னாரே. அதைக் கேட்டுவிட்டு டீச்சர் இரண்டு நாள் வாயே திறக்காமல் பாத்திரம் கழுவினார்.

"சாமியாரா இருந்தா மட்டும் என்ன, மைக் ஆசை யாரை விட்டுச்சு!" என்று வீட்டில் கணவரிடம் பொரிந்து தள்ளினார்.

"விடு. ஆயரே காதைப் பொத்திக்கிட்டா தன்னால திருந்துவார்" என்று சிரித்தார் கணவர்.

வியாழக்கிழமை மத்தியானம் டீச்சர் ஆஸ்பத்திரிக்குப் போனார். பாடகர் குழுவில் முன்வரிசையில் நிற்கும் தையல்கார அம்மாவுக்கு மறுநாள் ஆபரேஷன்.

அறை வாசலிலேயே டீச்சரின் கால் நின்றுவிட்டது.

உள்ளே யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாவுக்கு ரொம்பப் பிடித்த மாதா பாட்டு. சன்னமான குரல். ஒரு ஸ்வரம் பிசகவில்லை. ரேடியோவோ என்று எட்டிப் பார்த்தார்.

ஃபாதர்! கட்டிலருகே நாற்காலியில் உட்கார்ந்து, அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பாடிக்கொண்டிருந்தார். அந்த அம்மா பயமெல்லாம் தெளிந்து கண்மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

வெளியே வந்த ஃபாதர், டீச்சரைப் பார்த்ததும் கையும் களவுமாகப் பிடிபட்டவர் மாதிரி விழித்தார்.

"இவ்வளவு நல்லாப் பாடறீங்க! அப்புறம் ஏன் ஃபாதர் கோயில்ல மட்டும்...?"

ஃபாதர் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"இது உங்களோட இருக்கட்டும் டீச்சர். போன வருஷம் மாஸ்டர் படுக்கையில விழுந்து எழுந்தாரே, அதுலேர்ந்து அவருக்கு வலது கையில ரெண்டு விரலுக்கு உணர்ச்சியே இல்ல. காதும் மந்தமாயிடுச்சு. தப்பான கட்டையை அழுத்திடறார். அது தப்புன்னு அவருக்கே தெரியல."

டீச்சரும் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"அவர் மகதான் சொல்லி அழுதா. வாரம் பூரா ஜன்னலைப் பார்த்துக்கிட்டே கிடக்கறாராம். ஞாயித்துக்கிழமை மட்டும் யாரும் எழுப்பாமலே எழுந்து, சவரம் பண்ணி, தேய்ச்ச சட்டை போட்டுக்கிட்டு வாசல்ல நிக்கறாராம். தப்பா வாசிக்கறீங்கன்னு ஒரு வார்த்தை காதுல விழுந்தாப் போதும், அத்தோட வரமாட்டார். ரோஷக்காரர்."

"அதுக்காக நீங்க..."

"எந்தெந்த இடத்துல அவர் விரல் வழுக்கும்னு எனக்கு இப்போ அத்துப்படி. அந்த இடம் வந்ததும் நானும் ஓங்கிப் பாடி வழுக்கிடுவேன். எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கறாங்க. சிரிச்சுட்டுப் போகட்டுமே, என் பிழைப்பு பாட்டுல இல்லையே!"

"கடவுள் முன்னாடி வேணும்னே தப்பாப் பாடறோமேன்னு உறுத்தலையா ஃபாதர்?"

"ஆரம்பத்துல ரொம்ப உறுத்துச்சு. பூசை முடிஞ்சதும் தனியா உட்கார்ந்து மன்னிப்புக்கூடக் கேட்டேன்." ஃபாதர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்புறம் யோசிச்சுப் பார்த்தேன். நல்ல பாட்டு கேட்கணும்னா ஆண்டவருக்கு வானத்துல பாடற சம்மனசுங்க எத்தனையோ பேர் இருக்காங்க. மாஸ்டருக்குத்தான் ஆள் இல்ல."

டீச்சர் எழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு தையல்கார அம்மாவைப் பார்க்க உள்ளே போனார்.

ஞாயிற்றுக்கிழமை. கோயில் நிரம்பி வழிந்தது. காணிக்கைப் பாட்டின் நடுவே மாஸ்டரின் விரல் வழுக்கியது. ஃபாதர் தொண்டையைத் திறந்தார். முன்வரிசையில் இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

பூசை முடிந்ததும் ஆயர் நேராக ஆர்கன் பக்கம் வந்து மாஸ்டரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"இப்படிப் பாடறவங்களை வெச்சுக்கிட்டு எப்படித்தான் சமாளிக்கறீங்களோ!"

மாஸ்டருக்கு முகம் கொள்ளாத சிரிப்பு.

ஆயர் டீச்சர் பக்கம் திரும்பினார். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். "நீங்கதானே பாட்டு டீச்சர்? அந்தக் காணிக்கைப் பாட்டுல ஃபாதரோட சேர்ந்து நீங்களும் சுருதியை விட்டுட்டீங்களே, எப்படி?"

டீச்சர் கை கூப்பினார்.

"அது ஃபாதர்கிட்ட கத்துக்கிட்டது ஆண்டவரே!"