கூடுதலாக இரண்டு வருஷம்

“மூணு வருஷம் கம்பெனியே குடுத்துடும் சார். அதுக்கு மேல ரெண்டு வருஷம் வாரண்டி வேணும்னா இப்பவே தனியா எடுத்துக்கணும். எடுத்துடலாமா?”

ஷோரூம் விற்பனையாளன் நவீன்குமார் ஐசக்கைப் பார்த்துத்தான் கேட்டான். ஐசக் தன் மனைவி ஜெஸியைப் பார்த்தான். வேலூர் நெடுஞ்சாலை ஓரத்து கார் ஷோரூமில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார்கள். மாடல், கலர் எல்லாம் முடிவாகிவிட்டது. இது ஒன்றுதான் பாக்கி.

சீட் கவர் வேண்டாம், ஸ்டிக்கர் வேண்டாம், சென்ட் பாட்டில் வேண்டாம் என்று எதைக் காட்டினாலும் தள்ளிவிட்ட ஜெஸி, இதற்கு மட்டும் யோசித்தாள். அதைப் பார்த்ததும் ஐசக் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

காரணம் இருந்தது. ஜெஸி ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். போன மாதம் அவளுக்கு அயர்லாந்தில் வேலை கிடைத்திருந்தது. ஐசக் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தரம் பார்க்கிற வேலையில் இருந்தான். அவனுடைய அம்மா மரியம்மாளை டயாலிசிஸுக்காக வாராவாரம் வேலூருக்கு அழைத்துவர வேண்டும். அம்மாவை விட்டுவிட்டு அவன் எங்கும் போக முடியாது. போவதென்றால் ஜெஸி தனியாகத்தான் போக வேண்டும். அந்தச் சம்பளம் வந்தால் அம்மாவின் வைத்தியத்துக்கும் மகள் நிஷாவின் படிப்புக்கும் யார் கையையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. அதுவும் இருவருக்கும் தெரியும்.

“போறதும் இருக்கறதும் உன் இஷ்டம். நான் வாயே தொறக்க மாட்டேன்” என்று ஐசக் பெரிய மனுஷனைப் போலச் சொல்லிவிட்டான். சொன்ன நாளிலிருந்து அவனுக்குத் தூக்கமில்லை. அவள் ஒரு மூட்டை அரிசி வாங்கிப்போட்டால், போகமாட்டாள் என்று தோன்றும். பரணிலிருந்து பெட்டியை இறக்கித் துடைத்தால், போய்விடுவாள் என்று தோன்றும். கேட்டுவிடலாம்தான். ஆனால் எந்த முகத்தோடு கேட்பது? அம்மாவால் பஸ்ஸில் ஏறி இறங்க முடியவில்லை, கார் வாங்கலாம் என்று அவள் பேச்செடுத்தபோதும் அவனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

இப்போது ஜெஸி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு நவீன்குமாரைக் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டாள். நாலாவது வருஷம் ஏசி கெட்டுப்போனால் மாற்றித் தருவார்களா? கியர் பாக்ஸ் இதில் சேர்ந்ததா? வழியில் நின்றுவிட்டால் ஆள் அனுப்புவார்களா? ரிப்பேருக்கு வேலூர் வரைக்கும் வரவேண்டுமா, ஆம்பூரிலேயே பார்த்துக்கொள்ளலாமா? நவீன்குமார் ஒவ்வொன்றாகப் பதில் சொன்னான்.

ஊரை விட்டுப் போகிறவளுக்கு நாலாவது வருஷத்து ஏசியைப் பற்றி என்ன கவலை? ஐசக்குக்கு உள்ளுக்குள் ஒரு நம்பிக்கை எட்டிப்பார்த்தது. அதை உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும்போல இருந்தது. வேண்டுமென்றே முகத்தைச் சுளித்தான்.

“இன்னாத்துக்கு ஜெஸி தண்டச் செலவு? மூணு வருஷம் போதும். அதுக்கப்புறம் யாரு இருக்காங்களோ, யாரு இல்லியோ.”

ஜெஸி திரும்பி அவனை ஒரு நிமிஷம் பார்த்தாள்.

“இல்லங்க. அஞ்சு வருஷத்துக்கும் இருக்கட்டும்” என்றாள். பிறகு நவீன்குமாரிடம், “எடுத்துக்கறோம் தம்பி” என்றாள்.

ஐசக் எழுந்து வெளியே வந்தான். லாரிகள் இரைச்சலோடு போய்க்கொண்டிருந்த சாலையைப் பார்த்தபடி அம்மாவுக்கு போன் போட்டான். ஜெஸி போகவில்லை, இங்கேதான் இருக்கப்போகிறாள் என்று சொன்னான். அந்தப் பக்கம் மரியம்மாள் ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று சொன்னாள். மருமகளுக்குப் பிடித்த மீன் குழம்பு வைக்கிறேன், சீக்கிரம் வாருங்கள் என்றாள்.

புக்கிங் வேலைகள் முடிந்து இருவரும் ஆம்பூர் பஸ்ஸுக்காக நின்றார்கள். நிழலுக்கு ஒதுங்கிய ஜெஸியின் கையிலிருந்து பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டான் ஐசக். அவனால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

“நீ வாரண்டி எடுத்தப்பவே எனக்குப் புரிஞ்சிபோச்சி ஜெஸி.”

அவள் சட்டென்று நிமிர்ந்தாள். “புரிஞ்சிடுச்சா?”

“பின்ன? இத்தன வருஷம் உன்கூடக் குடும்பம் நடத்தியிருக்கேன், இதுகூடப் புரியாதா?”

“கோவம் இல்லியே?”

“எதுக்குக் கோவம்? மனசு இப்பதான் நிம்மதியா இருக்குது.”

ஜெஸியின் கண்கள் கலங்கின. அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எப்பிடிச் சொல்றதுன்னு தெரியாம தவிச்சிப்போய்ட்டேங்க. மெக்கானிக் எது சொன்னாலும் நீங்க தலையாட்டிடுவீங்க. அத்தைய வண்டில வெச்சிகினு, நான் இல்லாத நேரத்துல நீங்க நடுரோட்டுல நிக்கக் கூடாது, அதுக்குத்தான் அஞ்சு வருஷத்துக்கும் எடுத்தேன்” என்றாள். “வர்றேன்னு அயர்லாந்துக்குக் காலையிலயே மெயில் போட்டுட்டேன்.”