ஒன்பது நாள் மிதந்தவன்

லண்டன் இல்ஃபோர்ட் வீட்டுச் சமையலறை மேசையில் ஞாயிற்றுக்கிழமை வெயில் விழுந்து கிடக்கிறது. நாளை அச்சுக்குப் போகவேண்டிய யசோதினியின் நாவலை அவளுடைய கணவன் நிரூபன் பிழை பார்க்கிறான். பெரும்போர் முடிந்து வீடு திரும்பும் கிரேக்க வீரர்களின் கதை. பதினோராம் அத்தியாயத்தில் ஒருவன் உடைந்த படகின் பலகையைப் பிடித்தபடி ஒன்பது நாள் கடலில் மிதக்கிறான். சட்டையில் ஊறிய மழையைப் பிழிந்து குடிக்கிறான். நிரூபனின் விரல் அந்தத் தாளின் ஓரத்தை மடிக்கிறது, நிமிர்த்துகிறது. "என்னப்பா, சத்தத்தைக் காணேல்லை? நித்திரையோ?" அடுப்படியில் ரோல்ஸ் பொரித்தபடி யசோதினி கேட்கிறாள். "இல்லை, வாசிக்கிறன்." "உங்கட அகதி வழக்கு வாக்குமூலத்தைப் பார்த்துத்தான் எழுதினனான். என்ர வீரன் நீங்கள்தானே!" எண்ணெய்ச் சத்தத்துக்கு மேலாகச் சிரிக்கிறாள்.

அந்த வாக்குமூலத்தை அவன் மூன்று வாரம் மனப்பாடம் செய்தவன். உண்மையில் கடலில் மிதந்தது கஜமுகன். பிரான்ஸ் முகாமில் இந்தக் கதையை அவனுக்குச் சொல்லிவிட்டு, மறுமாதம் லொறிக்குள் மூச்சடைத்துச் செத்துப்போன கூட்டாளி. நிரூபன் லண்டனுக்கு வந்தது விமானத்தில், வேறொருவரின் பாஸ்போர்ட்டில். பதினான்கு வருடமாக இதை அவளிடம் சொன்னதில்லை.

கையைத் துடைத்துக்கொண்டு வந்தவள் நாவலின் சமர்ப்பணத் தாளை எடுத்து அவன்முன் வைக்கிறாள். 'கடல் கடந்து என்னிடம் வந்த நிரூபனுக்கு.' அவன் பேனையை எடுத்துத் தன் பெயரை வெட்டுகிறான். மேலே 'கஜமுகன்' என்று எழுதுகிறான்.

"ஆரப்பா இது?"

"நீர் எழுதின ஆள்," என்கிறான், அவள் முகத்தைப் பாராமல்.