கன்ட்ரோல் ஷிஃப்ட் ராகு

விஜிலா கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை.

நடக்காது என்று அவளுக்குத் தெரியும். எதிரே உட்கார்ந்திருக்கும் கணவாய் மீன் வியாபாரி ஆன்டனிக்குக் காட்டுவதற்காக அழுத்தினாள்.

மற்ற நேரமாக இருந்தால் அந்த மூன்று கீயும் ஒரு மேக்ரோவை எழுப்பிவிடும். எக்செல் ஷீட்டில் இருக்கும் சரக்கு விவரம் அப்படியே புக்கிங் மெயிலாகிக் கப்பல் கம்பெனிக்குப் போய்விடும். தூத்துக்குடியில் வேறெந்த ஷிப்பிங் ஏஜென்சியிலும் இந்த வசதி கிடையாது என்று முதலாளி ராஜதுரை பெருமை பேசுவார்.

உண்மைதான். வேறெந்த ஏஜென்சியிலும் கீபோர்டு பஞ்சாங்கம் பார்ப்பதில்லை.

ராகு காலம் தொடங்கியதும் அந்த ஷார்ட்கட் தானாகச் செத்துப்போக வேண்டும், முடிந்ததும் தானாகப் பிழைத்துக்கொள்ள வேண்டும் என்பது ராஜதுரையின் உத்தரவு. விஜிலாவும் கிழமைவாரியாக ராகு காலத்தை மேக்ரோவின் புரோகிராம் கோடில் எழுதிக் கொடுத்தாள். அந்த நேரம் வந்தால், ஷார்ட்கட்டுக்கு நேரே மேக்ரோவின் பெயர் இருக்காது. வெறும் மேற்கோள் குறிகள்தான், உள்ளே ஒன்றுமில்லை. கீ உடையும்வரை குத்தினாலும் எக்செல் வாயைத் திறக்காது.

கையால் டைப் செய்து அனுப்பினால் என்ன என்று கேட்கலாம். போன மாதம் அப்படி அனுப்பிய ஸ்டெபி இப்போது முத்தையாபுரம் குடோனில் உப்பு மூட்டை எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

இன்று வெள்ளிக்கிழமை. பன்னிரண்டு மணிக்குத்தான் ராகு விலகும். கப்பலிலோ ஒரே ஒரு குளிர் கன்டெய்னருக்குத்தான் இடம் மிச்சமிருந்தது. முந்துகிறவருக்கு அது. கோல்டு ஸ்டோரேஜில் பேப்பரை வாங்கிக்கொண்டு ஆன்டனி ஓடி வருவதற்குள் ராகு முந்திக்கொண்டது. இந்தக் கப்பலில் சரக்கு ஏறாவிட்டால் ஆர்டர் ரத்து என்று வாங்குகிறவர்கள் சொல்லியிருந்தார்கள். ஆன்டனிக்கு இருந்ததே அந்த ஒரு ஆர்டர்தான்.

"அண்ணாச்சி, அங்கன கணவா ஐஸுல கெடக்கு. அதுக்கு ராகுவும் தெரியாது, கேதுவும் தெரியாது. அமுக்கச் சொல்லுங்க," என்று பக்கத்தில் நின்ற ராஜதுரையிடம் கெஞ்சினார்.

ராஜதுரை கண்ணை மூடித் தலையை ஆட்டினார். நம்பி வந்தவருடைய சரக்கைக் கெட்ட நேரத்தில் அனுப்பி, அந்தப் பாவத்தைச் சுமக்க அவர் தயாராக இல்லை. ஆன்டனிக்காக ஒரு விளக்கு ஏற்றுவதாகச் சொல்லிவிட்டு, தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஊதுபத்தி வாசனை வந்தது. ஆன்டனி ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற வேதக்காரர். இருந்தாலும் மூடிய கதவைப் பார்த்துக் கைகூப்பிக்கொண்டார். ஆபத்துக்குப் பாவமில்லை.

அப்போது விஜிலாவின் திரையில் ஒரு மெயில் வந்து விழுந்தது. மேக்ரோ அனுப்பும் எல்லா மெயிலுக்கும் ஒரு நகல் அவளுக்கு வரும்.

அதே கப்பல். ஒரு குளிர் கன்டெய்னர். கணவாய். சரக்கின் சொந்தக்காரர் ராஜதுரையின் மருமகன். பின்னாலேயே கப்பல் கம்பெனியின் பதிலும் வந்தது. இடம் உறுதி, இனிமேல் யாருக்கும் இடமில்லை.

விஜிலா இரண்டையும் இன்னொரு முறை படித்தாள். ஆச்சரியம் வரவில்லை. ராகு காலத்துக்கு மேலே கோடில் இன்னொரு வரி இருக்கிறது. அறைக்குள் இருக்கும் முதலாளியின் கம்ப்யூட்டர் என்றால் நேரம் பார்க்க வேண்டாம். அதையும் அவளைத்தான் எழுதச் சொன்னார். ஏன் என்று கேட்டபோது காரணமும் சொன்னார்.

"ஏளா, எனக்கு இப்பம் ராகு தெசைதான் நடக்கு. அவன் நம்ம ஆளு. என்னைய ஒண்ணும் செய்ய மாட்டான்."

அன்றைக்கு ஆபீஸே சிரித்தது. அவளும்தான் சிரித்தாள்.

கதவு திறந்தது. நெற்றி நிறையத் திருநீறோடு வந்த ராஜதுரை ஆன்டனியின் தோளைத் தட்டிக்கொடுத்தார். பன்னிரண்டு அடிக்கட்டும், முதல் மெயில் உங்களுடையதுதான் என்றார். ஆன்டனிக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணாச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார்.

விஜிலா எழுந்து, மானிட்டரை ஆன்டனியின் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.